உதவியாளர் சொல்லும் துப்பறியும் கதையில் துப்பை எங்கே வைப்பது?

பாம்பனில் நடக்கும் துப்பறியும் தொடர். கதை சொல்பவர் உதவியாளர். துப்பை எப்படி மறைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். மறைக்கவே கூடாது. உதவியாளர் கண்டதெல்லாம் வாசகருக்கும் தெரிய வேண்டும். துப்பறிவாளரின் அனுமானம் மட்டும் கடைசியில் வரட்டும்.

மே மாதக் கொலை என்று வையுங்கள். விடுதியில் தங்கிய வெளியூர் வியாபாரி, "விடியற்காலை விசைப்படகுகள் கிளம்பும் சத்தத்தில் விழித்தேன்" என்கிறார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது. கரையேற்றிய படகுகளுக்குப் பெயின்ட் அடிப்பதை உதவியாளர் வெயிலைப் பற்றிப் புலம்பும்போதே போகிற போக்கில் சொல்லிவிடட்டும். சாட்சியம் நான்கைந்து அத்தியாயம் தள்ளி வரட்டும். இரண்டும் ஒரே பக்கத்தில் இருந்தால் குட்டு உடைந்துவிடும்.

பலர் உதவியாளரை மடையராக்கிக் கெடுக்கிறார்கள். மதுரைக்காரராக்கினால் போதும், தடைக்காலம் நினைவுக்கு வராதது இயல்பாகிவிடும்.