இறக்கையில் ரவை, பாட்டிலில் ரப்பர்: யார் பொறுப்பு?

கேள்வி: 2025 செப்டம்பரில் மிக்-21 நம் விமானப்படையிலிருந்து ஓய்வு பெற்றபோதே அதன் மாடல் ஒன்று செய்து வைக்க ஆசை. போன வாரம்தான் ஆன்லைனில் 1/72 அளவு (நிஜ விமானத்தில் 72-ல் ஒரு பங்கு) பிளாஸ்டிக் கிட்டும் ஐந்து பாட்டில் அக்ரிலிக் பெயிண்டும் வந்தன. ஒரு பாட்டில் மூடி ஒழுகி, உள்ளே ரப்பர் போல் உறைந்திருந்தது. மற்றதை மதியம் ஏர்பிரஷ்ஷில் (காற்றழுத்தத்தால் பெயிண்டைத் தெளிக்கும் கருவி) அடித்தேன். இறக்கை முழுக்க ரவை தூவியது போல் சொரசொரப்பு. டீக்கல் (தண்ணீரில் ஊறவைத்து ஒட்டும் சின்னங்கள்) ஒட்டிய இடத்தில் வெள்ளைக் கறை. விற்றவரோ 'பெயிண்டுக்கு ரிட்டர்ன் கிடையாது' என்கிறார். எல்லாவற்றுக்கும் பணம் கேட்கலாமா?
- வாசகர் ஒருவர், பென்னாகரம்

பதில்: எல்லாவற்றுக்கும் முடியாது. அந்த ஒரு பாட்டிலுக்கு மட்டும் கேளுங்கள், விடாமல் கேளுங்கள்.

ரவை விஷயத்தில் குற்றவாளி வெயில்தான். ஏர்பிரஷ்ஷிலிருந்து கிளம்பும் துளி ஈரத்தோடு போய் பிளாஸ்டிக்கில் விழுந்து பரவ வேண்டும். சித்திரை மதியத்தில், அதுவும் ஷீட் போட்ட மாடி அறையென்றால், பாதி வழியிலேயே காய்ந்து தூளாகத்தான் போய்ச் சேரும். ஊசி நுனியும் அடைத்துக்கொள்ளும். விடியற்காலை ஐந்து மணிக்கு உட்காருங்கள். ஏர்பிரஷ்ஷைக் கொஞ்சம் நெருக்கிப் பிடியுங்கள். காய்வதைத் தாமதப்படுத்த ரிடார்டர் என்று விற்கிறார்கள். ஓரிரு சொட்டு போதும், கூடினால் பிசுபிசுப்பு போகவே போகாது. எதையும் முதலில் ஒரு பழைய பிளாஸ்டிக் ஸ்பூனில் அடித்துப் பாருங்கள். இறக்கையைத் தூக்கிப் போட வேண்டாம்: நன்றாகக் காய்ந்தபின் 2000 நம்பர் வாட்டர் பேப்பரை (மிக நைஸான உப்புத்தாள்) நனைத்து லேசாகத் தேய்த்து மறுபடி அடிக்கலாம். சீக்கிரம் காயட்டும் என்று பூட்டிய காருக்குள் மட்டும் வைத்துவிடாதீர்கள். மூக்கில் நீட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய குழல்தான் முதலில் வளையும்.

வெள்ளைக் கறைக்கு என் சந்தேகம் உங்கள் போர்வெல் தண்ணீர் மேல். நம் பக்கத்து நிலத்தடி நீர் சரியில்லாததால்தானே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது! ஈரத் துணியால் துடைத்தால் போகிறதா? அப்படியானால் உப்பு. இனி டீக்கலை ஊறவைக்க பேட்டரி கடையில் விற்கும் டிஸ்டில்டு வாட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். போகவில்லையென்றால் சொரசொரப்பின் மேல் ஒட்டியதால் அடியில் காற்று சிக்கியிருக்கிறது. பளபளப்பு வார்னிஷ் ஒரு பூச்சு அடித்துவிட்டு ஒட்டியிருக்க வேண்டும்.

சரி, அந்தப் பாட்டில். 2020 மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, பழுதான பொருளைத் திரும்ப எடுக்க விற்பவர் மறுக்கக் கூடாது. 'ரிட்டர்ன் கிடையாது' என்று எழுதி வைத்தாலும் இது மாறாது. பார்சல் பிரித்தபோது எடுத்த போட்டோ, பில் இரண்டையும் சேர்த்து எழுத்தில் கேளுங்கள்; போன் பேச்சுக்கு ஆதாரம் இல்லை. 'உங்கள் வீட்டில்தான் உறைந்தது' என்பார், அதனால் தாமதிக்காதீர்கள். மசியவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கு மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. விற்றவர் எந்த ஊராக இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணமும் இல்லை. ஒரு பாட்டிலுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்காது என்றே நினைக்கிறேன்.

அடுத்த பெயிண்டை ஆடியில் ஆர்டர் செய்யுங்கள். தள்ளுபடி கிடைக்கிறதோ இல்லையோ, கூரியர் வண்டி இவ்வளவு கொதிக்காது.