பங்காளியும் வங்காளியும்

கேள்வி: எங்கள் பக்கம் வேலைக்கு வரும் வங்காளிகளோடு பங்களாதேஷ்காரர்களும் கலந்து கிடக்கிறார்கள். பிடித்தால் கோர்ட், வக்கீல், ஜாமீன் என்று இழுக்கிறது. நாங்கள் சிலோனிலிருந்து ஒப்பந்தப்படி பாஸ்போர்ட்டோடு வந்த குடும்பம். குடிமகனே அல்லாதவனுக்கு நம் அரசியல் சட்டம் எதற்கு? கசாபுக்கே வக்கீல் வைத்துக் கொடுத்த நாடாயிற்றே இது!
- ஒரு வாசகர், குளத்துப்புழை, கேரளம்

பதில்: மலையாளி 'பங்காளி' என்றால் வங்காளத்துக்காரன். நமக்குப் பங்காளி என்றால் சொத்தில் பங்கு கேட்கிறவன். நீங்கள் இரண்டையும் ஒன்றாக்கிக்கொண்டு பயப்படுகிறீர்கள் என்று தோன்றுகிறது.

பங்கு விஷயத்தில் அரசியல் சட்டம் உங்களைவிடக் கறார். பேச்சுரிமை, நாட்டில் எங்கும் குடியிருக்கும் உரிமை, விரும்பிய தொழில் செய்யும் உரிமை எல்லாம் சொல்லும் 19-வது பிரிவு 'குடிமக்கள்' என்றே தொடங்குகிறது. அரசு வேலையில் சம வாய்ப்பும் வோட்டும் அப்படித்தான். ஆனால் சட்டத்தின் முன் சமம் என்கிற 14, உயிரும் உடல் சுதந்திரமும் பற்றிய 21, கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தச் சொல்லும் 22 ஆகியவற்றில் 'குடிமகன்' என்ற சொல் இல்லை. எந்த ஆளாக இருந்தாலும் சரி என்கின்றன. மறதியில் விட்டதல்ல. 22-லேயே அயல்நாட்டாரில் பகைநாட்டாருக்கு மட்டும் விலக்கு எழுதி வைத்திருக்கிறார்கள். மற்ற அயல்நாட்டாரை விலக்க நினைத்திருந்தால் அங்கேயே இன்னொரு வரி சேர்த்திருப்பார்கள்.

வெளியேற்ற முடியாதா என்றால், தாராளமாக முடியும். ஹான்ஸ் முல்லர் என்ற ஜெர்மானியர் வழக்கில், அயல்நாட்டாரை அனுப்பும் அதிகாரம் அரசுக்கு முழுமையாக உண்டு என்று 1955-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அனுப்பலாம், அடித்து நொறுக்கக் கூடாது, அவ்வளவுதான். ஹவுரா ரயில் நிலைய விடுதியில் ஒரு பங்களாதேஷ் பெண் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானபோது, 'அவர் அயல்நாட்டவர்' என்று ரயில்வே தரப்பு வாதாடிப் பார்த்தது. 2000-ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்காமல் 10 லட்சம் ரூபாய் இழப்பீட்டை உறுதி செய்தது.

சரி, நீங்கள் கேட்டபடியே ஆகட்டும். அயல்நாட்டானுக்கு மாஜிஸ்திரேட் வேண்டாம், வக்கீல் வேண்டாம். அவன் அயல்நாட்டான் என்று முடிவு கட்டுவது யார்? ஸ்டேஷனில் இருக்கும் எஸ்.ஐ. அவர் ஆளை மாற்றிப் பிடித்துவிட்டால், 'சார், நான் இந்தியன்' என்று பிடிபட்டவர் யாரிடம் போய்ச் சொல்வார்? அதைக் கேட்க இருந்த ஒரே இடத்தைத்தான் மூடியாயிற்றே. அயல்நாட்டான் அல்ல என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு பிடிபட்டவர் தலையில்தான் என்று 1946 சட்டமும் சொன்னது. அதன் இடத்துக்கு வந்த 2025 சட்டமும் அதையே சொல்கிறது. வங்காளத்து இந்தியனுக்கும் எல்லைக்கு அப்பால் இருப்பவனுக்கும் பேச்சு ஒன்று, முகம் ஒன்று. நமக்கும் சிலோன்காரருக்கும் எப்படியோ, அப்படி.

கசாப்? வக்கீலும் இருந்தார், அப்பீலும் நடந்தது, 2012 நவம்பர் 21-ல் தூக்கிலும் போட்டார்கள். வக்கீல் வைத்ததால் என்ன குறைந்துபோயிற்று?

உங்கள் சிலோன் கதைக்கு வருகிறேன். 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தில், சிலோனில் இருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை ஏற்க இந்தியா ஒப்புக்கொண்டது. அப்படி வந்தவர்களுக்கென்றே புனலூரைத் தலைமையிடமாக வைத்து ரப்பர் தோட்டக் கம்பெனியும் போட்டார்கள். நீங்கள் முறைப்படி வந்தவர்தான், யார் மறுத்தது? ஆனால் அதற்கு முன் நடந்ததை வீட்டில் பெரியவர்கள் யாராவது சொல்லியிருப்பார்கள். 1948-ல் சிலோன் சட்டம் போட்டுத் தோட்டத் தமிழரில் பெரும்பாலோரின் குடியுரிமையைப் பறித்தது. மறு வருஷம் வோட்டும் போயிற்று. கோடக்கன் பிள்ளை என்பவர் வாக்காளர் பட்டியலில் தன் பெயரைச் சேர்க்கச் சொல்லிக் கேட்டார். 'நீர் குடிமகனே இல்லை' என்றார்கள். அந்தக் குடிமகன் அல்லாதவர் இலங்கைக் கோர்ட்டில் தொடங்கி அப்போது கடைசி அப்பீல் கோர்ட்டாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனார். 1953-ல் தோற்றார். இருந்தும், 'நீ யார் வழக்குப் போட?' என்று யாரும் அவரை வாசலிலேயே திருப்பி அனுப்பவில்லை, உட்கார்ந்து கேட்டார்கள்.

அது போகட்டும். வீட்டில் இருக்கும் அந்தப் பழைய பாஸ்போர்ட்டை ஈரம் படாத இடத்தில் வையுங்கள். குளத்துப்புழை மழைக்குத் தகரப்பெட்டி தாங்காது.