தடுக்குவது பத்தாம் வகுப்பில், விட்டது ஆறாம் வகுப்பில்: கணக்குக் கேள்விகளுக்குப் பதில்கள்

தருமபுரி மாவட்டத்து அரசுப் பள்ளிகளில் இருபத்தைந்து வருடத்துக்கும் மேலாகக் கணக்கு நடத்தி வருகிறேன். கொரோனா முடிந்து இத்தனை வருடம் ஆகியும், எனக்கு வரும் கேள்விகளில் பாதிக்கு மேல் அந்தக் காலத்தில்தான் போய் முட்டுகின்றன. இந்த முறை அவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். விட்டதைப் பிடிக்க முடியுமா என்று எல்லோரும் ஏதோ ஒரு விதத்தில் கேட்டிருக்கிறீர்கள். முடியும். எந்த இடத்தில் விட்டது என்பதைச் சரியாகக் கண்டுபிடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

கேள்வி: பையன் பத்தாவது படிக்கிறான். மற்ற பாடமெல்லாம் நல்ல மார்க். கணக்கில் மட்டும் காலாண்டில் 22. டியூஷனும் போகிறான். நான் எட்டாவதுதான் படித்திருக்கிறேன், பக்கத்தில் உட்கார்ந்து என்ன சொல்லிக்கொடுக்க முடியும் டீச்சர்? விடைத்தாளைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறேன். (தக்காளி விவசாயி, பாலக்கோடு)

பதில்: விடைத்தாளை அனுப்பியது ரொம்ப நல்லதாகப் போயிற்று. 22 என்ற எண் எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. நான்காம் பக்கத்தில் அவன் அடித்துவிட்ட ஒரு வரிதான் எல்லாவற்றையும் சொன்னது.

அது ஓர் இருபடிச் சமன்பாடு. இரண்டு எக்ஸ் ஸ்கொயர் மைனஸ் ஏழு எக்ஸ் பிளஸ் மூன்று. பெருக்கினால் 6, கூட்டினால் −7 வருகிற இரண்டு எண்கள் வேண்டும் என்று ஓரத்தில் பெட்டி போட்டு எழுதியிருக்கிறான். −6, −1 என்று சரியாகவே கண்டுபிடித்தும் இருக்கிறான். அப்புறம் பக்கத்தில் ‘−6 −1 = +7’ என்று போட்டுப் பார்த்து, ஒத்துவரவில்லை என்று நினைத்து, சரியான விடையை அடித்துவிட்டான். அதற்குப் பதிலாக −6, +1 என்று எழுதிய இடத்திலிருந்து எல்லாமே கோணல்.

உங்கள் மகனுக்குப் பத்தாம் வகுப்புப் பாடம் தெரிகிறது அம்மா. அவனைத் தடுக்கிவிடுவது குறை எண். ‘மைனஸும் மைனஸும் பிளஸ்’ என்பது பெருக்கலுக்கு உரிய விதி. அதை அவன் கூட்டலுக்கும் போட்டுவிடுகிறான். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 2020 மார்ச்சில் பள்ளி மூடியபோது அவன் நான்காம் வகுப்பு. ஐந்தாம் வகுப்பு முழுக்க வீட்டில். ஆறாம் வகுப்புக்கு 2021 நவம்பர் 1ஆம் தேதிதான் பள்ளிக் கதவு திறந்தது. குறை எண்ணை எண்கோட்டில் வைத்து, முன்னும் பின்னும் நகர்த்திக் காட்டி, தப்பாகச் சொன்னால் திருத்தி, மறுநாள் திரும்பக் கேட்டு நடத்த வேண்டிய வயது அது. அவனுக்குக் கிடைத்தது அந்த ஒற்றை வரி விதி மட்டும். சமூக அறிவியலில் ஒரு பாடம் விட்டால் அடுத்த பாடத்தைப் படித்துக்கொள்ளலாம். கணக்கு அப்படி இல்லை. கீழ்ப்படி இல்லாமல் மேல்படியில் கால் வைக்க முடியாது.

என்ன சொல்லிக்கொடுப்பேன் என்று கேட்டீர்கள். இதை என்னைவிட நீங்கள் நன்றாகச் சொல்லலாம். மண்டிக்காரரிடம் 6 ஆயிரம் முன்பணம் வாங்கியிருக்கிறீர்கள். மருந்தடிக்க இன்னொரு ஆயிரம் வாங்குகிறீர்கள். இப்போது 7 ஆயிரம் வரவா, கடனா என்று அவனைக் கேளுங்கள். கடன் என்பான். அதுதான் −6 −1 = −7. சரி, 6 ஆயிரம் கடனில் ஓர் ஆயிரத்தை அடைத்தால்? 5 ஆயிரம் கடன் நிற்கும். அது −6 +1 = −5. இந்த இரண்டையும் அவன் வாயால் சொல்ல வைத்துவிட்டுப் பிறகு நோட்டில் எழுதச் சொல்லுங்கள்.

பெருக்கலில் மட்டும் ஏன் பிளஸ் ஆகிறது என்று கேட்டால், இதைக் காட்டச் சொல்லுங்கள்: 3 × −2 = −6. 2 × −2 = −4. 1 × −2 = −2. 0 × −2 = 0. ஒவ்வொரு வரியிலும் விடை 2 ஏறுகிறது. அடுத்த வரி −1 × −2. இன்னும் 2 ஏறினால் +2 தானே? இதைத் தன் கையால் எழுதிப் பார்த்த பிள்ளை இரண்டு விதியையும் குழப்பிக்கொள்வது குறைந்துவிடும்.

தினமும் ராத்திரி பதினைந்து நிமிடம், பத்துக் கணக்கு, குறை எண் மட்டும். மூன்று வாரம் செய்யுங்கள். டியூஷன் ஆசிரியரிடமும் இதைச் சொல்லுங்கள். பத்தாம் வகுப்புப் பாடத்தையே இன்னொரு முறை நடத்துவதால் இந்த ஓட்டை அடையாது.

கேள்வி: ஒன்பதாவது படிக்கும் தங்கச்சிக்குப் பின்னம் கூட்டவே வரவில்லை. மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டுகிறாள். திட்டினால் அழுகிறாள். (கல்லூரி மாணவர், அரூர்)

பதில்: முதலில், திட்டுவதை நிறுத்துங்கள் தம்பி. அவளிடம் வாய்மொழியாக ‘அரையும் காலும் எவ்வளவு?’ என்று கேளுங்கள். முக்கால் என்று பட்டென்று சொல்வாள். கடையில் எண்ணெய் வாங்குகிற பிள்ளைக்கு அது தெரியாமல் இருக்காது. அப்புறம் 1/2 + 1/4 என்று எழுதிக் கொடுங்கள். 2/6 என்று எழுதுவாள். 2/6 என்பது மூன்றில் ஒரு பங்கு, அரையைவிடக் குறைவு. அரையோடு கொஞ்சம் சேர்த்தால் அரையைவிடக் குறையுமா என்று கேட்டுவிட்டு, பேசாமல் காத்திருங்கள். அந்த நிமிடத்தில்தான் பாடம் நடக்கிறது. அவசரப்பட்டு விடையைச் சொல்லிவிடாதீர்கள்.

பிறகு ஒரு தாளை நெடுக்கில் இரண்டாகவும் குறுக்கில் மூன்றாகவும் மடிக்கச் சொல்லுங்கள். விரித்தால் ஆறு கட்டம். அதில் பாதி 3 கட்டம், மூன்றில் ஒரு பங்கு 2 கட்டம். அதனால் 1/2 + 1/3 = 5/6. பகுதியை ஏன் ஒன்றாக்குகிறோம் என்பது அந்த மடிப்பிலேயே தெரியும். மீச்சிறு பொது மடங்கு எல்லாம் அதற்குப் பிறகு.

கேள்வி: எங்கள் வீட்டில் கன்னடம்தான் பேசுவோம். மகள் தமிழ் வழியில் எட்டாவது. கொரோனாவில் இரண்டு வருடம் தமிழே காதில் விழவில்லை. சும்மா கணக்குக் கொடுத்தால் போடுகிறாள், வாசகமாகக் கொடுத்தால் விழிக்கிறாள். (தளி)

பதில்: அப்படியானால் அவளுக்குக் கணக்கில் குறை இல்லை. கொரோனாவில் பாடம் மட்டும் போகவில்லை, பாடம் நடக்கிற மொழியைக் காதால் கேட்பதும் போயிற்று. உங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பலரிடம் இதைப் பார்த்திருக்கிறேன்.

கணக்கை வாசித்ததும் கன்னடத்தில் உங்களுக்குக் கதையாகச் சொல்லச் சொல்லுங்கள். கன்னடத்தில் எண்ணட்டும், கன்னடத்தில் யோசிக்கட்டும், அதில் தப்பே இல்லை. காலும் முக்காலும் இரண்டு மொழியிலும் ஒரே சொல்தானே. கூடவே ஒரு நோட்டில் ‘விட’, ‘மடங்கு’, ‘வீதம்’, ‘மீதி’, ‘வித்தியாசம்’, ‘முறையே’ போன்ற சொற்களை ஒவ்வொன்றுக்கும் ஓர் எடுத்துக்காட்டோடு எழுதி வைக்கட்டும். ‘ராமு சோமுவைவிட 5 குறைவு’ என்றால் யாரிடமிருந்து கழிப்பது என்பதில்தான் பெரும்பாலும் சறுக்குகிறார்கள். அப்படி முப்பது சொல் சேர்ந்தாலே எட்டாம் வகுப்பு வாசகக் கணக்குகள் வசப்படும்.

கேள்வி: நான் 2021 ஆல் பாஸ் பேட்ச். இப்போது குரூப் 4 படிக்கிறேன். கணக்குப் பகுதியைத் திறந்தாலே பயம். பத்தாவதே எழுதாதவளுக்கு எப்படி வரும் என்று வீட்டிலும் சொல்கிறார்கள். (ஊத்தங்கரை)

பதில்: அந்தப் பேச்சை நீங்கள் நம்ப வேண்டாம். உங்கள் பேட்ச்சுக்கு 2021 ஜனவரி 19 அன்று வகுப்பு திறந்தது. பிப்ரவரி 25 அன்று தேர்வு இல்லை என்று அறிவித்தார்கள். நடுவில் ஐந்து வாரம். மார்க் போடாமல் தேர்ச்சி என்று மட்டும் போட்டுக் கையில் ஒரு சான்றிதழ். பரீட்சை வேண்டாம் என்று நீங்களா கேட்டீர்கள்? அதற்காக உங்களை யாரும் மட்டம் தட்டுவதைக் கேட்டால் எனக்கு வயிறு எரிகிறது.

இப்போது விஷயத்துக்கு வருவோம். குரூப் 4-இல் 200 கேள்வியில் திறனறிவு 25. ஒன்றுக்கு ஒன்றரை மதிப்பெண். சுருக்குதல், சதவீதம், மீப்பெரு பொதுக் காரணி, மீச்சிறு பொது மடங்கு, விகிதம், தனிவட்டி, கூட்டுவட்டி, பரப்பு, கன அளவு, நேரமும் வேலையும். இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு அடித்தளம் எட்டாம் வகுப்புக்குள் வந்துவிடும். நீங்கள் எட்டாவது முடித்தது 2019-இல். கொரோனாவுக்கு முன்னால்! நீங்கள் விட்டது ஒன்பதாவதின் கடைசியும் பத்தாம் வகுப்புப் பாடமும். இந்த 25 கேள்விக்கு வேண்டியதில் பெரும்பகுதியை நீங்கள் ஒழுங்காகப் பள்ளியில் உட்கார்ந்து படித்திருக்கிறீர்கள். தூசி படிந்திருக்கிறது, தட்டி எடுக்க வேண்டும்.

வழிகாட்டி நூல்களை வாங்குவதற்கு முன் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பாடநூல்களைக் கையில் எடுங்கள். ஊரில் ‘இரண்டு வட்டி’ என்கிறார்களே, நூறுக்கு மாதம் 2 ரூபாய், அது வருடத்துக்கு எத்தனை சதவீதம்? 24. பத்தாயிரத்துக்கு ஒரு வருட வட்டி 2,400. இதை மனதிலேயே போட முடிகிறது என்றால் தனிவட்டி உங்களுக்குத் தெரியும். பத்தாம் வகுப்பிலிருந்து வேண்டியதைக் கடைசியில் சேர்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: புதிதாக வேலையில் சேர்ந்த கணக்கு ஆசிரியர். ஒன்பதாம் வகுப்பில் பாதிப் பேருக்கு வகுத்தல் வரவில்லை. பாடத்தை முடிப்பதா, அடிப்படையை நடத்துவதா? (கிருஷ்ணகிரி மாவட்டம்)

பதில்: நான் செய்த தப்பைச் சொல்கிறேன். 2021 செப்டம்பர் 1 அன்று ஒன்பது முதல் பன்னிரண்டு வரை பள்ளி திறந்தது. முகக்கவசத்தோடு பிள்ளைகளைப் பார்த்த சந்தோஷம் ஒரு பக்கம், நாள் போய்விட்டதே என்ற பதற்றம் ஒரு பக்கம். பத்தாம் வகுப்பில் முதல் பாடத்தை அப்படியே ஆரம்பித்துவிட்டேன். உறவுகளும் சார்புகளும். மூன்று வாரம் கழித்து, வருடமெல்லாம் பெங்களூரில் கட்டட வேலைக்குப் போய்வந்த ஒரு பையனைப் பலகைக்கு அழைத்து 84-ஐ 7-ஆல் வகுக்கச் சொன்னேன். சாக்பீஸைப் பிடித்துக்கொண்டு நின்றான். ‘மறந்துட்டேன் டீச்சர்’ என்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னான். மூன்று வாரமாக நான் யாருக்கு நடத்தினேன்? அந்தக் கேள்வி இன்னும் என்னை விடவில்லை.

அந்த அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வி வந்தது. மாலையில் தன்னார்வலர்கள் நடத்தினார்கள், ஊருக்கு ஊர் நல்ல காரியம். ஆனால் அது எட்டாம் வகுப்பு வரைதான். ஒன்பது, பத்தில் இருந்தவர்களை நாங்களே வகுப்புக்குள் தூக்கிவிட வேண்டியிருந்தது. இப்போது உங்களுக்கு ஆறு முதல் ஒன்பது வரை, அடிப்படையில் பின்தங்கிய பிள்ளைகளுக்கான ‘திறன்’ பயிற்சி இருக்கிறது, அதை முழுசாகப் பயன்படுத்துங்கள்.

அதோடு இதையும் செய்து பாருங்கள். முதல் நாள் பத்துக் கணக்கு. கடன் வாங்கிக் கழித்தல், இரண்டு இலக்கப் பெருக்கல், வகுத்தல், பின்னம், தசமம், குறை எண், அடைப்புக்குறி, ஓர் எளிய சமன்பாடு, சதவீதம், பரப்பளவு. மார்க் போடாதீர்கள். யார் எந்தக் கணக்கில், எந்த வரியில் விட்டார்கள் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒவ்வொரு பாடத்துக்கும் முன்னால் அந்தப் பாடத்துக்குத் தேவையான அடிப்படையை மட்டும் பத்து நிமிடம். அடுக்குகள் நடத்துவதற்கு முன் பெருக்கல், முக்கோணவியலுக்கு முன் விகிதம். இப்படிச் செய்தால் பாடமா அடிப்படையா என்ற கேள்வியே எழாது. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன், ‘வராத கோஷ்டி’ என்று தனி பெஞ்சில் உட்கார வைக்காதீர்கள். பதினான்கு வயதுப் பிள்ளைக்கு அது தாங்காது.

கேள்வி: கணக்கைப் போட்டோ எடுத்தால் செல்போனே விடை சொல்கிறதே, அனுமதிக்கலாமா? (காரிமங்கலம்)

பதில்: தானே போட்டு முடித்த பிறகு சரிபார்க்க மட்டும். போடுவதற்கு முன்னால் வேண்டாம். ஊரடங்கில் வாட்ஸ்அப்பில் வந்த விடையைப் பார்த்து எழுதிய பழக்கம்தான் இன்னும் பலரை விடவில்லை.

கேள்வி: எனக்கு 35 எடுத்துப் பாஸ் ஆனால் போதும் மிஸ். வரைபடமும் வடிவியலும் மட்டும் படித்தால் போதுமா? (பத்தாம் வகுப்பு, பர்கூர்)

பதில்: அவை இரண்டும் எட்டு எட்டாகப் பதினாறு. ஒரு மதிப்பெண் 14. எல்லாமே சரியாக வந்தாலும் 30-தான் ஆகிறது பார்த்தாயா? அதனால் இரண்டு மதிப்பெண், ஐந்து மதிப்பெண் கேள்விகளையும் தொட்டுத்தான் ஆக வேண்டும். புள்ளியியல், அளவியலில் சூத்திரம் போட்டு வரும் கணக்குகளிலிருந்து ஆரம்பி.

வரைபடத்தை நன்றாகப் பழகு, அது நல்ல யோசனைதான். ஆனால் அட்டவணை போடும்போது ஒன்றைக் கவனி. எக்ஸ் −3 என்றால் எக்ஸ் ஸ்கொயர் 9. நிறையப் பேர் −9 என்று எழுதுகிறார்கள். மேலே பாலக்கோட்டு அம்மாவுக்கு எழுதிய பதிலை நீயும் படி, இதுவும் அதே குறை எண்தான். அட்டவணையில் அது தப்பினால், நீ எவ்வளவு அழகாக வளைவு போட்டாலும் இடது பக்கம் கீழே விழுந்துவிடும். இன்று சாயங்காலமே −4 முதல் 4 வரை ஒன்பது எண்களின் வர்க்கத்தையும் புத்தகம் பார்க்காமல் எழுதிப் பார். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி 16, 9, 4, 1 என்று இறங்கி நடுவில் 0 வந்தால், அட்டவணை சரி. அப்புறம் கிராஃப் தாளை எடு.