பதில்: இரட்டையரில் பையன் மட்டும் தடுமாறுகிறான் (கோத்தகிரி)
வணக்கம்ங்க. ஐந்தரை வயது இரட்டையர், பாப்பா ஒற்றைக்காலில் அசையாமல் நிற்கிறாள், தம்பி மூன்று நொடியில் காலை ஊன்றிவிடுகிறான், வீட்டுக்கு இறங்கும் படிகளிலும் தடுமாறுகிறான் என்று எழுதியிருந்தீர்கள்.

முதலில் அவளோடு ஒப்பிடுவதை விடுங்கள். இந்த வயதில் சராசரியாகப் பெண் குழந்தைகளுக்குத்தான் ஆடாமல் நிற்பது சீக்கிரம் கைவரும். பையன்கள் பிறகு பெரும்பாலும் எட்டிப் பிடித்துவிடுவார்கள். சமநிலைக்குக் கண், உள்காது, தசை மூட்டுகளின் உணர்வு மூன்றும் வேண்டும். சின்னவர்கள் கண்ணைத்தான் அதிகம் நம்புவார்கள். அதனால் மூடுபனியில் தடுமாறுவதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். (வளர்கிற பிள்ளை என்று ஒரு சைஸ் பெரிய ஷூ வாங்கியிருந்தால் அதையும்!)

ஆனாலும் ஐந்து வயதில் பல குழந்தைகள் பத்து நொடி நிற்பார்கள். ஆகவே ஒருமுறை குழந்தை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். தரையிலிருந்து எழும்போது கையைத் தொடையில் ஊன்றி ஊன்றி எழுகிறானா? கெண்டைக்கால் பருத்திருக்கிறதா? நுனிக்காலில் நடக்கிறானா? முன்பு செய்ததை இப்போது செய்ய முடியவில்லையா? இதில் ஒன்று இருந்தாலும் தள்ளிப்போடாதீர்கள். இவை தசைகள் மெல்ல மெல்ல வலுவிழக்கும் தசைச் சிதைவு நோயின் அறிகுறிகளாக இருக்கலாம். அந்த நோயில் ஒரு வகை பெரும்பாலும் பையன்களுக்கே வரும். தசை பாதிக்கப்பட்டால் ரத்தத்தில் கூடும் நொதியை அளக்கும் சிபிகே (CPK) பரிசோதனையில் முதல் தடயம் கிடைத்துவிடும். அடிக்கடி சளி, காதுவலி உண்டென்றால் காதையும் பார்க்கச் சொல்லுங்கள். நடுக்காதில் நீர் கோத்தாலும் தடுமாற்றம் வரும்.

எதுவும் இல்லையென்றால், பாப்பாவோடு பாண்டி ஆட விடுங்கள். பையனுக்கு எதற்குப் பாண்டி என்று யாராவது கேட்டால் காதிலேயே வாங்காதீர்கள்.