மோதியது பட்டா, நட்டஈடு யாரிடம்?

கேள்வி: என் கணவர் நாள் சம்பளத்துக்கு வீதி வேலை செய்பவர். பலாலி வீதியில் காபெட் போடும்போது பட்டா எனப்படும் சிறிய லொறி மோதிக் கால் முறிந்தது. உள்ளே கம்பி வைத்திருக்கிறார்கள். 4 மாதமாக வேலையில்லை. சப் கொன்ட்ராக்டர் 40,000 ரூபாய் தந்து ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார். "நாள் சம்பளத்துக்கு நட்டஈடு கிடையாது, இடித்தவனிடம் கேளுங்கள்" என்கிறார்.

பதில்: அவர் சொன்ன இரண்டுமே பிழை, சகோதரி. 1934ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம், அந்த வேலையில் இருக்கும்போது அந்த வேலையால் காயம் வந்ததா என்றுதான் பார்க்கும். நடு வீதியில் நின்று தார் பரப்புகிறவருக்கு வாகனம் மோதுவது வேலையோடு ஒட்டிய ஆபத்து. பிழை சாரதியுடையது என்று சொல்லி வேலை கொடுத்தவர் கழன்றுவிட முடியாது. அவர் கைவிரித்தால், வேலையை அவருக்குப் பிரித்துக் கொடுத்த பெரிய ஒப்பந்தக்காரரிடமும் கேட்கலாம்.

அந்தத் தாளுக்குப் பயப்படாதீர்கள். நட்டஈட்டு உரிமையை விட்டுக்கொடுக்கும் உடன்படிக்கை செல்லாது. வாங்கிய பணத்தைக் கணக்கில் கழிக்கக் கேட்பார்கள், அவ்வளவுதான். 2022 திருத்தத்தின்படி உச்ச வரம்பு 20 இலட்சம் ரூபாய். உங்களுக்கு எவ்வளவு என்பது சம்பளத்தையும் கால் நிரந்தரமாக எவ்வளவு பாதிக்கப்பட்டது என்பதையும் பொறுத்தது.

வழக்கு சறுக்குவது சம்பளச் சான்றில்தான். சம்பளச் சீட்டு கொடுக்கிற சப் கொன்ட்ராக்டரை நான் இன்னும் காணவில்லை. ஆனால் சூப்பவைசரிடம் ஒரு கொப்பி இருக்கும், பெயருக்கு நேரே நாளுக்கொரு புள்ளடி. கூட வேலை செய்தவர் யாராவது அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்துத் தரட்டும். "நாளைக்கு ஆறு மணிக்கு கோண்டாவில் சந்தி" என்று வந்த வாட்ஸ்அப் செய்தியையும் அழிக்காதீர்கள்.

சரி, பட்டாக்காரர். நீதவான் நீதிமன்றத்தில் அவர் கட்டும் தண்டப்பணம் அரசாங்கத்துக்குப் போகும். உங்களுக்கான நட்டஈட்டுக்கு மாவட்ட நீதிமன்றத்தில் தனி வழக்கு வேண்டும், அதுவும் விபத்து நடந்து 2 வருடத்துக்குள். மூன்றாம் தரப்புக் காப்புறுதி கட்டாயம் என்பதால் பணம் பெரும்பாலும் காப்புறுதி நிறுவனத்திடமிருந்தே வரும். ஆனால் வழக்குத் தொடர முன்போ, தொடர்ந்து 7 நாளுக்குள்ளோ அந்த நிறுவனத்துக்கு அறிவித்தல் போக வேண்டும். இதைத் தவறவிட்டுத் தீர்ப்பை மட்டும் கையில் வைத்திருப்பவர்கள் உண்டு.

ஒளிரும் அங்கி போடவில்லை என்று எதிர்த்தரப்பு கட்டாயம் கேட்கும். கணவரிலும் பிழை இருந்தால் 1968ஆம் ஆண்டுச் சட்டப்படி தொகை குறையும். அங்கியே கொடுக்கவில்லையா? கூம்பும் கொடிக்காரரும் இருந்தார்களா? இதைப் பொலிஸ் வாக்குமூலத்தில் சொல்லியிருக்கிறாரா என்று பாருங்கள். இல்லையென்றால் போய் மேலதிக வாக்குமூலம் கொடுக்கட்டும்.

செலவுக்கு யோசித்தால், யாழ்ப்பாணத்திலுள்ள சட்ட உதவி ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போங்கள். குறைந்த வருமானக்காரருக்கு அவர்கள் வழக்குப் பேசுவார்கள். பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி, வைத்தியசாலை அட்டை, எக்ஸ்ரே, அந்தக் கொப்பிப் படம் எல்லாம் கையில் இருக்கட்டும்.