சத்தம் பெரிது, உறிஞ்சல் இல்லை: பெரிய மோட்டார் வாங்கலாமா?

கேள்வி: எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் அறிவியல் கண்காட்சிக்காகத் தண்ணீர் பாட்டிலில் வேக்குவம் கிளீனர் செய்கிறாள். சின்ன பொம்மை மோட்டார், தகர டப்பாவில் வெட்டிய விசிறி, 9 வோல்ட் பேட்டரி. நன்றாகச் சத்தம் போட்டு ஓடுகிறது, ஆனால் காகிதத் துணுக்குகூட உள்ளே போகவில்லை. 12 வோல்ட் பெரிய மோட்டார் வாங்கட்டுமா, தயார் கிட்டாகவே வாங்கிவிடட்டுமா?

பதில்: இரண்டும் இப்போது வேண்டாம். மோட்டார்தான் ஓடுகிறதே. கோளாறு பெரும்பாலும் காற்று போகும் வழியில்தான் இருக்கும். பாட்டில் வாய் வழியாக உள்ளே வரும் காற்று, விசிறியைத் தாண்டி, பின்பக்கத் துளைகள் வழியாக வெளியே போக வேண்டும்.

முதலில் பாட்டிலின் பின்பக்கத் துளைகளுக்கு நேராக ஒரு டிஷ்யூ கீற்றைப் பிடிக்கச் சொல்லுங்கள். அது வெளியே பறக்க வேண்டும். உள்ளே ஒட்டிக்கொண்டால் காற்று தலைகீழாகப் போகிறது. மோட்டாரின் இரண்டு வயர்களையும் மாற்றிக் கொடுத்தால் போதும்.

அப்புறம் விசிறியின் நுனிக்கும் பாட்டில் சுவருக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். விரல் நுழைகிற அளவு இருந்தால், பின்னால் தள்ளிய காற்று அந்தச் சந்து வழியாகவே முன்னால் திரும்பி வந்துவிடும். இறக்கை உரசக் கூடாது, ஆனால் 2, 3 மில்லிமீட்டருக்கு மேல் சந்தும் இருக்கக் கூடாது. பிள்ளைகள் ஊசியைச் சூடாக்கிப் பின்னால் நாலைந்து துளை போட்டு நிறுத்திவிடுவார்கள். அது போதாது. எல்லாத் துளைகளும் சேர்ந்து பாட்டில் வாயைவிட அகலமாக இருக்க வேண்டும். வெளியே போக வழியில்லாத காற்று உள்ளேயும் வராது. வடிகட்டும் துணி மெல்லியதாக, விசிறிக்கு முன்னால் தள்ளி இருக்கட்டும்.

காசு செலவழிக்க வேண்டிய இடம் மின்சாரம். அந்தச் சதுரமான 9 வோல்ட் பேட்டரி இந்த வேலைக்கானது அல்ல. அதன் கொள்ளளவு சுமார் 500 மில்லி ஆம்பியர்-மணிதான். சுமையோடு ஓடும் மோட்டார் ஒரு ஆம்பியர்வரை கேட்டால் வோல்டேஜ் உடனே சரிந்துவிடும். பொம்மை மோட்டார்கள் பெரும்பாலும் 3 முதல் 6 வோல்ட்டுக்கானவை. நான்கு பென்சில் செல்களை வரிசையாக இணைத்தால் 6 வோல்ட் கிடைக்கும். அடாப்டர் வாங்கினால் வோல்ட் மோட்டாருக்குப் பொருந்த வேண்டும், ஆம்பியர் மோட்டார் கேட்பதைவிடக் கூடுதலாக இருக்கலாம்.

இவ்வளவும் செய்த பிறகு பெரிய மோட்டார் வாங்கினால் விசிறி மாட்டும் தண்டின் தடிமனைப் பார்த்து வாங்குங்கள். 130 என்ற எண்ணுள்ள சிறிய வகை மோட்டாருக்கு 2 மில்லிமீட்டர், 775 என்ற பெரிய வகைக்குப் பெரும்பாலும் 5. ஒருமுறை நான் அளவு பார்க்காமல் விசிறி வாங்கி, பசை போட்டு ஒட்டினேன். ஓடும்போதே அது கழன்று பாட்டிலைக் கிழித்தது. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் கருவியை ஓட்டவே விடாதீர்கள்.

கிட் பற்றி: எல்லாம் அளவாக வெட்டி வந்துவிடும், மகளுக்குத் திருகும் வேலை மட்டும்தான் மிஞ்சும். ஏன் உறிஞ்சுகிறது என்று நடுவர் கேட்டால் என்ன சொல்வாள்? 1907-இல் அமெரிக்காவின் ஓஹியோவில் ஜேம்ஸ் மரே ஸ்பாங்ளர் என்ற துப்புரவுப் பணியாளர், தூசியால் ஆஸ்துமா படுத்தியபோது, மின்விசிறி மோட்டார், துடைப்பக் கட்டை, தலையணை உறை மூன்றையும் சேர்த்துத் தனக்கென ஒரு கிளீனர் செய்துகொண்டார். அடுத்த ஆண்டு காப்புரிமையும் பெற்றார். கைக்குக் கிடைத்ததை வைத்துச் செய்வது இந்தக் கருவியின் பிறவிக் குணம்.

கண்காட்சியில் இன்னொன்றும் காட்டலாம். U வடிவில் வளைத்த தெளிவான குழாயில் சாயத் தண்ணீர் ஊற்றி, ஒரு முனையைப் பாட்டில் வாயில் காற்றுப் புகாமல் பொருத்துங்கள். மோட்டாரைப் போட்டதும் அந்தப் பக்கம் தண்ணீர் சற்று ஏறும். இரு பக்கத்துக்கும் 1 சென்டிமீட்டர் வித்தியாசம் என்றால் அழுத்த வித்தியாசம் சுமார் 98 பாஸ்கல் (பாஸ்கல் என்பது அழுத்தத்தின் அலகு). மகளுடைய கருவியில் சில மில்லிமீட்டர்தான் வரலாம், பரவாயில்லை. வீட்டு வேக்குவம் கிளீனர் ஏறக்குறைய 20,000 பாஸ்கல், அதாவது இரண்டு மீட்டர் தண்ணீர். உள்ளே அழுத்தம் குறைய, வெளிக்காற்று தள்ளிக்கொண்டு நுழைகிறது என்பதை அவளே கண்ணால் பார்ப்பாள்.

கேள்வி: பழைய மிக்ஸி மோட்டார் சும்மா கிடக்கிறது. அதைப் போடலாமா?

பதில்: கூடாது. அது வீட்டு மின்சாரத்தில் நேரடியாக ஓடுவது, கழற்றினால் மின்கம்பிகள் திறந்துகிடக்கும். செல்லில் ஓடும் கருவியிலும் தண்ணீர், மாவு, சாம்பல் மூன்றையும் உறிஞ்ச விடாதீர்கள். மோட்டாருக்குள் உரசிக்கொண்டே மின்சாரம் கொடுக்கும் பிரஷ்ஷில் தீப்பொறி தெறிக்கும், நுண்ணிய மாவுத்தூள் காற்றில் கலந்திருந்தால் பற்றிக்கொள்ளும்.