ஒட்டுப்பால் உரிக்கட்டும்

அண்ணாச்சி, குலசேகரம் பக்கத்துல இருந்து எழுதுதேன். அப்பா நாப்பது வருசமா ரப்பர் பால்வெட்டு. ரெண்டு வருசம் முன்னாடி, கைகால் அசைவு கொறைஞ்சிட்டே போவுத பார்கின்சன் நோய்னு சொல்லிட்டாவ. இப்ப வெட்டுக்கு போவ முடியல, விடிஞ்சதும் திண்ணைல உக்காந்து தோட்டத்தையே பாத்துட்டு இருக்காரு. சட்டை பட்டன் கூட நாங்கதான் போட்டு விடுதோம். உங்களுக்கும் இதே நோய்தானே, எப்படி மனச விடாம இருக்கிய? அப்பாட்ட நான் என்ன சொல்ல?

தம்பி,

மனச விடாம இருக்கேன்னு யாரு சொன்னா? ஒம்பது வருசமாச்சு, போன மாசம் கூட குளிமுறில சோப்ப எடுக்க குனிஞ்சவன் நிமிர முடியாம சுவத்த பிடிச்சிட்டு நின்னு அழுதேன். என்னைய ஓட்டுதது மாத்திரை நேரத்துக்கு அடிக்குத செல்போன் அலாரம்தான். மூளைல, உடம்ப அசைய வைக்குத டோபமின்ங்குத ரசாயனத்த உண்டாக்குத செல்லு கொஞ்சம் கொஞ்சமா அழிஞ்சிட்டே வருது, லீவோடோபா மாத்திரை அந்த கொறைய நெரப்பும், ஆனா அழிவ நிறுத்தாது. மாத்திரை பிடிச்ச நேரம் மனுசன், இறங்கின நேரம் மரக்கட்டை. இதுல மீன் பருப்புல உள்ள புரதமும் மாத்திரையும் உள்ள போவ ஒரே வாசல்ல முண்டும், வடசேரி பஸ்ஸ்டாண்டுல சாயங்காலம் ஏறுத மாதிரி. அதுக்காக சாளைக்கறிய விட முடியுமா? டாக்டர்ட்ட கேட்டு மாத்திரைய சாப்பாட்டுக்கு அரை மணிக்கூர் முன்ன தள்ளினேன்.

அடுத்தது கால். அடுக்களை வாசல்ல வந்தா பசை போட்ட மாதிரி ஒட்டிக்கும், எல்லாரும் நட நடன்னு கத்துனா இன்னும் ஒட்டும். செவப்பு டேப்ப தரைல குறுக்க நாலு கோடா ஒட்டினேன், கோட்ட தாண்டணும்னு நெனச்சா கால் தூக்குது. மூளைல தன்னால நடக்குத வழி அடைஞ்சு போச்சு, பாத்து நடக்குத வழி தொறந்து கிடக்கு. (பேரன் அதுல நொண்டி அடிக்கான், அது வேற கத.)

பட்டன அப்பாவே போடட்டும். எனக்கு ஒரு சட்டைக்கு 11 நிமிசம் ஆகும், வீட்டுக்காரி கைய நீட்டினா மொறைப்பேன். வெட்டுகத்தி வேண்டாம், ஆனா மாத்திரை பிடிச்ச நேரத்துல சிரட்டைல காஞ்சு ஒட்டிக் கிடக்குத ரப்பர் பால, அந்த ஒட்டுப்பால உரிக்க விடுங்க. பாதி சிரட்டை கீழ விழும், விழட்டும். பேசாம உக்காந்திருக்கத பிடிவாதம்னு நெனச்சிராதீங்க, மனச்சோர்வும் இந்த நோய்ல உள்ளதுதான், அதுக்கும் மருந்து உண்டு, டாக்டர்ட்ட மறைக்காம சொல்லுங்க.

எவனாவது இதுக்கு நாட்டு மருந்துன்னு பூனைக்காலி விதைப் பொடி கொண்டு வருவான். பொய்யில்ல, அந்த விதைல லீவோடோபா நெசமாவே இருக்கு, எனக்கு பயமே அதான், மாத்திரையோட சேந்தா அளவு ஏறிரும். டாக்டர கேக்காம குடுக்காண்டாம், மாத்திரைய திடீர்னு நிறுத்தவும் செய்யாண்டாம்.

அப்பாட்ட ஒண்ணும் சொல்லாண்டாம். எப்ப மாத்திரை, எப்ப பிடிச்சுது, எப்ப இறங்குச்சுன்னு ஒரு வாரம் அவரையே எழுத சொல்லி டாக்டர்ட்ட காட்டுங்க. போவப்போவ எழுத்து எறும்பு கணக்கா சிறுத்துரும், அதனால கோடு போட்ட நோட்டா வாங்கி குடுங்க.